சிறு தொகை நேரடிப் போக்கர்: பழகிப்போன பழைய ஆட்டத்தைப் புதுப்பிக்கும் வழி

ஆண்டுக்கணக்காக நேரடி மேசைகளில் ஆடிவரும் ஒருவகை ஆட்டக்காரர் உண்டு. நல்ல சீட்டு வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். கண்மூடித்தனமாக எதுவும் செய்யமாட்டார். ஆனாலும் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. இந்தக் கட்டுரை அவருக்காகவும், அவரைப் போன்றவர்களைப் பார்த்து ஆட்டம் கற்றுக்கொண்டு இப்போதுதான் மேசைக்கு வந்திருக்கும் புதியவருக்காகவும் எழுதப்படுகிறது. பேசப்படுவது பந்தயத் தொகைக்கு உச்சவரம்பில்லாத 'நோ லிமிட்' டெக்ஸாஸ் ஹோல்டெம் ஆட்டம். மேசையில் ஒன்பது பேர், ஒவ்வொருவர் முன்னும் ஏறத்தாழ 100 பிக் பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் ஓர் இருக்கைக்காரர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) மதிப்புள்ள சிப்புகள் என்று கொள்ளலாம். தொகைகள் எல்லாவற்றையும் பிக் பிளைண்ட் கணக்கிலேயே தருகிறேன். வாசகர் தம் மேசையின் தொகைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆட்டத்தின் விதிகளும் கைகளின் தரவரிசையும் தெரிந்திருந்தால் போதும். மற்றவற்றைப் போகிற போக்கில் விளக்குகிறேன்.

பழைய முறை எங்கிருந்து வந்தது

2003-ஆம் ஆண்டில், கணக்காளராகப் பணியாற்றிவந்த கிறிஸ் மனிமேக்கர் என்ற அமெரிக்கர், இணையவழித் தகுதிச் சுற்றின் மூலம் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குள் நுழைந்து பட்டத்தையும் வென்றார். அதைத் தொடர்ந்து உலகெங்கும் புதிய ஆட்டக்காரர்கள் பெருகினார்கள். அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம் எளிமையானது: குறைவான கைகளை ஆடு; முதலில் ரெய்ஸ் செய்தவன் (பந்தயத்தை உயர்த்தியவன்) நீயென்றால் ஃபிளாப்பில், அதாவது மேசையில் திறக்கப்படும் முதல் மூன்று சீட்டுகளில், என்ன விழுந்தாலும் பந்தயம் கட்டு; ஐயம் வந்தால் ரெய்ஸ் செய்து உன் நிலையைத் தெரிந்துகொள். எதிரே இருந்தவர்களுக்கு அதுவும் தெரியாத காலத்தில் இந்தப் பாடமே வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு கணினிகள் ஆட்டத்துக்குள் வந்தன. இருவர் மட்டும் ஆடும், பந்தயத் தொகைக்கு வரம்புள்ள 'லிமிட்' ஹோல்டெம்மை நடைமுறையில் தீர்த்துவிட்டதாகக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் அறிவித்தார்கள். 2017 ஜனவரியில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ராடஸ் என்ற நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 'நோ லிமிட்' ஆட்டத்திலேயே 1,20,000 கைகளில் வென்றது. 2019-இல் புளூரிபஸ் என்ற அடுத்த நிரல் ஆறு பேர் அமரும் மேசையிலும் தேர்ந்தவர்களை மிஞ்சியது. இதே காலத்தில் 'சால்வர்' எனப்படும் மென்பொருள்கள் வீட்டுக் கணினியிலேயே ஓடத் தொடங்கின. எந்தக் கையை எவ்வளவு தொகைக்கு, எத்தனை விழுக்காடு நேரம் பந்தயம் கட்டவேண்டும் என்பதை அவை எண்ணாகவே காட்டிவிட்டன.

இவற்றிலிருந்து சிறு தொகை ஆட்டக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் என்பது என் கருத்து. பழைய முறையின் குறை அது இறுக்கமாக ஆடுவதில் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் 'என் கை நல்ல கையா?' என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில் இருக்கிறது. புதிய முறை கேட்கும் கேள்வி வேறு: 'எதிராளி இதுவரை ஆடிய விதத்தில் எந்தெந்தக் கைகளையெல்லாம் ஆடியிருப்பார், நான் இந்தத் தொகையை வைத்தால் அவற்றில் எவை விலகும், எவை தொடரும்?' கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்வியைப் பழக்கமாக்குவதற்கான வழிகளே. சால்வர் சொல்லும் விடைகளை அப்படியே மனப்பாடம் செய்வதைப் புதுப்பித்தல் என்று நான் சொல்லமாட்டேன். அந்த விடைகள் தவறே செய்யாத எதிராளியை முன்னிட்டுக் கணக்கிடப்பட்டவை, அத்தகையவர் நம் மேசையில் உட்காருவதில்லை.

முதற்படி: கைகளை எழுதி வைத்தல்

எதை மாற்றவேண்டும் என்பது தெரியாமல் மாற்றத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுவோம். ஆகவே, 30 பிக் பிளைண்டுக்கு மேல் வென்ற அல்லது தோற்ற ஒவ்வொரு கையையும் அலைபேசியில் குறித்து வையுங்கள். உங்கள் இருக்கை, உங்கள் இரு சீட்டுகள், யார் எவ்வளவு வைத்தார், ஒவ்வொரு கட்டத்திலும் பாட்டில் (நடுவில் சேரும் மொத்தப் பந்தயத் தொகையே பாட்) எவ்வளவு இருந்தது, இவை போதும். நேரடி மேசையில் மணிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கைகளே பகிரப்படுவதால் எழுதுவதற்கு நேரம் நிறையவே கிடைக்கும். பாட்டின் அளவு நினைவில்லை என்று நீங்கள் எழுத நேர்ந்தால், அதுவே முதல் கண்டுபிடிப்பு: பாட்டில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாமல் வைக்கப்படும் பந்தயம் பெரும்பாலும் குத்துமதிப்பான பந்தயம்.

ஒரு சில அமர்வுகள் முடிந்ததும் குறிப்புகளை எடுத்து மூன்றை மட்டும் தேடுங்கள்: வெறுமனே கால் செய்து, அதாவது சமமான தொகையை மட்டும் கட்டி, உள்ளே நுழைந்த கைகள், 'தெரிந்துகொள்வதற்காக' ரெய்ஸ் செய்த கைகள், கடைசிச் சீட்டு விழுந்தபின் வெற்றிக் கையோடு பந்தயம் கட்டாமல் செக் செய்துவிட்ட கைகள். பழைய பாணியில் ஆடுபவரின் இழப்பில் பெரும்பகுதி இந்த மூன்றில்தான் ஒளிந்திருக்கும்.

இரண்டாம் படி: ஃபிளாப்புக்கு முன்

ரெய்ஸ் செய்யாமல் பிக் பிளைண்டுக்குச் சமமான தொகையை மட்டும் கட்டி நுழைவதை 'லிம்ப்' என்பார்கள். சிறு தொகை மேசைகளில் இது தொற்றுபோல் பரவும். ஒருவர் லிம்ப் செய்தால் பின்னால் நால்வர் செய்வார்கள். அதில் சேர்ந்துகொள்வதன் விலை என்ன என்று பார்ப்போம். இரண்டு ஏஸ் வைத்திருப்பவர், ஏதோ இரு சீட்டு வைத்திருக்கும் ஒரே எதிராளிக்கு எதிராக இறுதிவரை போனால் ஏறத்தாழ 85% வெல்வார். அதே கை நான்கு எதிராளிகளுக்கு நடுவில் 56% அளவுக்குத்தான் வெல்லும். மிகச் சிறந்த கைக்கே இந்த நிலை என்றால் ஏஸ்-ஜாக் போன்ற கைகளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. மேலும், நடத்துபவர் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் 'ரேக்' என்ற பங்குக்குப் பல இடங்களில் ஓர் உச்சவரம்பு உண்டு. ஃபிளாப் விழாமலே முடியும் கையில் பெரும்பாலும் அது எடுக்கப்படுவதில்லை. லிம்ப் செய்து உருவாகும் சிறிய பாட்டுகளில் வெல்பவர் தம் பாட்டில் பெரிய விழுக்காட்டை இழக்கிறார். ரெய்ஸ் செய்து அங்கேயே வெல்பவர் ஒன்றையும் இழப்பதில்லை.

ஆகவே விதி எளிது: உங்களுக்கு முன் யாரும் ரெய்ஸ் செய்யவில்லை என்றால் ரெய்ஸ் செய்யுங்கள் அல்லது விலகுங்கள். நேரடி மேசைகளில் 4 அல்லது 5 பிக் பிளைண்ட், ஏற்கெனவே லிம்ப் செய்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 1 என்பது வேலைசெய்யும் அளவு. இணையத்தில் வழங்கும் இரண்டரை மடங்கு ரெய்ஸை இங்கே கொண்டுவந்தால் ஐந்து பேர் உடன் வருவார்கள். முக்கியமான ஒன்று, எல்லாக் கைகளுக்கும் ஒரே அளவை வைக்கவேண்டும். ஏஸ் சோடிக்கு 8, ஏழு சோடிக்கு 4 என்று வைப்பவரின் சீட்டுகளைத் திருப்பிப் பார்க்காமலே மேசை படித்துவிடும். பழைய ஆட்டக்காரர்களிடம் இந்தப் பழக்கம் மிகுதி.

எத்தனை கைகளை ஆடுவது என்பதில் இருக்கைதான் அளவுகோல். மேசையின் முதல் இரண்டு மூன்று இருக்கைகளில் எட்டுக் கைக்கு ஒன்று ஆடினால் போதும்; நடுச் சோடிகளும் அதற்கு மேற்பட்டவையும், ஏஸ்-கிங், ஏஸ்-குவீன், ஒரே சின்னத்தில் அமைந்த பெரிய சீட்டுகள் ஆகியவையே அவை. கடைசியாகப் பேசும், அதாவது முடிவெடுக்கும், 'பட்டன்' இருக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் ஆடலாம். பழைய முறைக்காரர்கள் இரண்டு படச்சீட்டுகள் வந்துவிட்டாலே எங்கிருந்தும் ஆடுவார்கள். வேறு வேறு சின்னத்தில் உள்ள கிங்-ஜாக்கை முதல் இருக்கையில் ஆடினால், ஜோடி சேர்ந்தபிறகும் ஏஸ்-கிங்குக்கும் கிங்-குவீனுக்கும் பணம் கட்டிக்கொண்டிருக்க நேரும்.

ஏற்கெனவே ரெய்ஸ் செய்த ஒருவர் மீது மீண்டும் ரெய்ஸ் செய்வதை 'த்ரீ-பெட்' என்பார்கள். ஏஸ் சோடி, கிங் சோடி இரண்டுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். அதை விரித்து, பின் இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்பவருக்கு எதிராகக் குவீன் சோடி, ஜாக் சோடி, ஏஸ்-கிங், ஒரே சின்ன ஏஸ்-குவீன் ஆகியவற்றையும் சேர்க்கலாம். அவருக்குப் பின் பேசுவதாக இருந்தால் மூன்று மடங்கு, முன் பேசுவதாக இருந்தால் நான்கு மடங்கு வைக்கலாம். ஆனால் இரண்டு மணி நேரமாக அசையாமல் இருந்தவர் முதல் இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்யும்போது இந்தப் பட்டியலைச் சுருக்கிவிடுங்கள். அவரே உங்கள் த்ரீ-பெட்டுக்கு மேலும் ஒரு முறை உயர்த்தினால், அவரிடம் இருக்கக்கூடியவை ஏஸ் சோடி, கிங் சோடி, ஏஸ்-கிங் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் உங்கள் குவீன் சோடிக்கு அவற்றுக்கு எதிராக ஏறத்தாழ 40% வாய்ப்புதான்.

சிறு சோடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை ஃபிளாப்பில் செட்டாக, அதாவது மூன்று ஒரே எண்ணாக மாறும் வாய்ப்பு ஏறத்தாழ 12%, எட்டரை முறைக்கு ஒன்று. செட்டான ஒவ்வொரு முறையும் எதிராளி முழுப் பணத்தையும் தரமாட்டார் என்பதால், கட்டவேண்டிய தொகையைப் போல் 15 மடங்காவது இருவரிடமும் இருந்தால்தான் செட்டை மட்டும் நம்பிக் கால் செய்யலாம்.

மூன்றாம் படி: கைகளை எண்ணக் கற்றல்

எதிராளி ஒரு சூழலில் வைத்திருக்கக்கூடிய எல்லாக் கைகளின் தொகுப்புக்கு 'ரேஞ்ச்' என்று பெயர். 'அவரிடம் ஏஸ்-கிங் இருக்கிறது, எனக்குத் தெரியும்' என்று ஒரே கையைச் சுட்டிச் சொல்வது பழைய மேசைகளில் திறமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. உண்மையில் அது ஒரு நல்ல ஊகம், அவ்வளவே. ரேஞ்சைக் கையாளப் பெரிய கணிதம் தேவையில்லை. 52 சீட்டுகளிலிருந்து இரண்டு சீட்டுக் கைகள் 1,326 அமையும். குறிப்பிட்ட ஒரு சோடி 6 வகையில் அமையும். ஏஸ்-கிங் போன்ற வெவ்வேறு எண் கொண்ட கை 16 வகையில் அமையும், அவற்றில் 4 ஒரே சின்னம், 12 வேறு சின்னம். மேசையில் ஒரு சீட்டு விழுந்தாலோ உங்கள் கையில் ஒன்று இருந்தாலோ இந்த எண்ணிக்கை குறையும்: மேசையில் ஓர் எட்டு விழுந்தபின் எட்டு சோடி 3 வகையில்தான் அமைய முடியும்.

இந்தச் சிறு கணக்கைக் கைவசப்படுத்த ஒரு வாரம் போதும். விலகிவிட்ட கைகளில் வேடிக்கை பார்க்கும்போது, பந்தயம் கட்டியவரிடம் என்னென்ன இருக்கலாம் என்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். சீட்டுகள் திறக்கப்படும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். நேரடி ஆட்டத்தின் மெதுவான வேகம் சலிப்பூட்டுகிறது என்று பலர் அலைபேசியில் மூழ்கிவிடுகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் பாடவேளை அது.

நான்காம் படி: ஃபிளாப்பில் தொகையும் ஆட்களும்

முதலில் ரெய்ஸ் செய்தவர் ஃபிளாப்பில் எப்போதும் பந்தயம் கட்டவேண்டும் என்ற பழைய விதியை இங்கேதான் உடைக்கவேண்டும். சோடியில்லாத இரு சீட்டுகள் ஃபிளாப்பில் ஜோடி சேராமல் போவது மூன்றில் இரண்டு முறை நடக்கும். அந்த வேளைகளில் நீங்கள் வைப்பது பிளஃப், அதாவது எதிராளி விலகினால் மட்டுமே வெல்லும் பந்தயம். பாட்டில் பாதித் தொகையை வைத்து பிளஃப் செய்தால், அது மூன்றில் ஒரு முறையாவது வேலை செய்யவேண்டும். எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் இது எளிது. மூவர் இருந்தால்? ஒவ்வொருவரும் தனித்தனியே 60% விலகுவார் என்று வைத்துக்கொண்டாலும், மூவரும் சேர்ந்து விலகும் வாய்ப்பு 0.6-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 22% மட்டுமே. சிறு தொகை மேசைகளில் பெரும்பாலான ஃபிளாப்புகள் மூன்று நான்கு பேரால் பார்க்கப்படுபவை என்பதால், ஒன்றும் சேராதபோது செக் செய்துவிட்டு அடுத்த கைக்குப் போவதே அங்கே நவீன ஆட்டம்.

எதிரே ஒருவரே இருக்கும்போது மேசைச் சீட்டுகளின் தன்மையைப் பாருங்கள். ஏஸ், ஏழு, இரண்டு என மூன்றும் வேறு வேறு சின்னத்தில் விழுந்தால், ரெய்ஸ் செய்த உங்களிடம் ஏஸ் இருக்கும் வாய்ப்பு அவரைவிட அதிகம். அங்கே பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வைத்தாலே போதும், அது நான்கில் ஒரு முறை வேலைசெய்தால் முதலுக்கு மோசமில்லை. ஜாக், பத்து, எட்டு என நெருக்கமாக, இரண்டு ஒரே சின்னத்தில் விழுந்தால் நிலைமை தலைகீழ். கால் செய்து வந்தவரின் கைகளோடு அது நன்றாகப் பொருந்துகிறது. நல்ல கை இருந்தால் பெரிதாக வையுங்கள், இல்லையெனில் செக் செய்யுங்கள்.

பெரிதாக என்றால் எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. எதிராளி பந்தயத்தைக் கால் செய்ய அவருக்குத் தேவைப்படும் வெற்றி வாய்ப்பு, நீங்கள் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் 20%, பாதி வைத்தால் 25%, மூன்றில் இரண்டு வைத்தால் ஏறத்தாழ 29%, முழுப் பாட்டையும் வைத்தால் 33%. ஃபிளாப்பில் நான்கு ஒரே சின்னச் சீட்டு சேர்த்து ஐந்தாவதுக்குக் காத்திருப்பவருக்கு அது அடுத்த சீட்டிலேயே வரும் வாய்ப்பு ஏறத்தாழ 19%, இரண்டு சீட்டுகளும் சேர்த்து 35%. இருபுறமும் திறந்த வரிசைக்குக் காத்திருப்பவருக்கு இவை 17%, 32%. காத்திருப்பவர்கள் எவ்வளவு தொகைக்கும் கால் செய்வார்கள் என்பது சிறு தொகை மேசைகளின் இயல்பு. ஆகவே மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ வைத்து அவர்களைத் தவறான விலைக்கு வாங்கவைப்பதே உங்கள் வருமானத்தின் பெரும்பகுதி. 'அவர் விலகிவிடுவாரோ' என்ற பயத்தில் வலுவான கையோடு செக் செய்து பதுங்குவது பழைய பாணியின் இன்னொரு செலவு.

மேசையில் தொகை வைக்கும்போது வாயால் சொல்லிவிட்டு வையுங்கள். பல இடங்களில், ஏற்கெனவே ஒரு பந்தயம் வைக்கப்பட்டிருக்கும்போது எதுவும் பேசாமல் ஒரே ஒரு பெரிய மதிப்புள்ள சிப்பை முன்னே தள்ளினால் அது கால் என்றே கொள்ளப்படும். இரண்டு தவணையாகச் சிப்பைத் தள்ளினாலும் முதல் தவணை மட்டுமே செல்லும். புதிய அளவுகளைப் பழகும் காலத்தில் இந்த இரண்டு விதிகளும் பலரைச் சங்கடப்படுத்துகின்றன.

ஒரு கையை அருகிலிருந்து பார்ப்போம்

நடு இருக்கையில் ஒருவர் லிம்ப் செய்கிறார். பட்டனுக்கு ஒரு இடம் முன்னால் இருக்கும் உங்களிடம் ஆர்டின் ஏஸ், கிளாவர் குவீன். 6 என்று ரெய்ஸ் செய்கிறீர்கள். பிக் பிளைண்டில் இருப்பவரும் லிம்ப் செய்தவரும் உடன் வருகிறார்கள். விலகிய ஸ்மால் பிளைண்டின் அரையையும் சேர்த்து பாட்டில் 18.5.

ஃபிளாப்: டைமன் குவீன், டைமன் எட்டு, கிளாவர் மூன்று. இருவரும் செக் செய்ய, நீங்கள் 12 வைக்கிறீர்கள். பிக் பிளைண்ட் விலகுகிறார், லிம்ப் செய்தவர் கால் செய்கிறார். பாட்டில் 42.5. டர்ன் எனப்படும் நான்காம் சீட்டு இஸ்பேடு இரண்டு. அவர் செக் செய்கிறார், நீங்கள் 28, அவர் மறுபடியும் கால். பாட்டில் 98.5, உங்களிடம் மீதி 54. கடைசிச் சீட்டான ரிவர் ஆர்டின் ஏழு. அவர் செக் செய்கிறார்.

பழைய ஆட்டக்காரர் இங்கே சீட்டைத் திருப்பிக் காட்டத் தயாராகிவிடுவார். 'இரண்டு முறை கால் செய்திருக்கிறார், என்னை வெல்லும் கை மட்டுமே மூன்றாம் முறையும் கால் செய்யும்' என்பது அவர் வாதம். எண்ணிப் பார்த்தால் வாதம் நிற்கவில்லை. ஒரு குவீன் உங்களிடம், ஒன்று மேசையில், மீதி இரண்டு. கிங்-குவீன் 8 வகை, குவீன்-ஜாக் 8 வகை, குவீன்-பத்து 8 வகை, ஆக 24 கைகள் உங்களைவிடச் சிறிய துணைச்சீட்டோடு அதே ஜோடியை வைத்திருக்கின்றன. உங்களை வெல்பவை? எட்டு, மூன்று, இரண்டு ஆகியவற்றின் செட்டுகள் தலா 3 வீதம் 9. கடைசிச் சீட்டில் செட்டாகியிருக்கக்கூடிய ஏழு சோடி 3. ஒரே சின்னத்தில் அமைந்த இரண்டு சோடிக் கைகளில் குவீன் உள்ளவற்றையும் எட்டு-ஏழையும் சேர்த்தால் 8. தாராளமாகக் கணக்கிட்டும் 20. அந்த 20-லும், டைமன் சின்னம் அச்சுறுத்தும் மேசையில் செட்டையும் இரண்டு சோடியையும் வைத்துக்கொண்டு ஒரு முறைகூட ரெய்ஸ் செய்யாதவர் அரிது என்பதால் பாதியைக் கழித்துவிடலாம். மிஞ்சுவது 24-க்கு எதிராக 10. குவீன் வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒருவர் இம்முறை விலகிவிட்டாலும், கால் செய்யும் கைகள் 16-க்கு 10 என்று உங்கள் பக்கமே இருக்கின்றன. மீதி 54-ஐயும் உள்ளே தள்ளவேண்டிய இடம் இது.

இதே கையில் எதிராளி டர்னில் உங்கள் 28-க்கு மேல் ரெய்ஸ் செய்து எல்லாவற்றையும் உள்ளே தள்ளியிருந்தால் என் அறிவுரை வேறாக இருந்திருக்கும். அதுதான் அடுத்த படி.

ஐந்தாம் படி: பின்கட்டத்து ரெய்ஸுகளும் பிளஃபும்

சால்வர் பயிற்சிகளைப் பார்த்துவிட்டு நேரடி மேசைக்கு வருபவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். ரிவரில் பெரிய ரெய்ஸ் வந்தால், தேர்ந்த எதிராளி அதில் ஒரு பங்கு பிளஃப் வைத்திருப்பார் என்பதால், குறிப்பிட்ட அளவு கால் செய்தே தீரவேண்டும் என்று அந்தக் கணக்கு சொல்லும். சிறு தொகை மேசைகளில், குறிப்பாக மாலை முழுவதும் அமைதியாகக் கால் செய்துகொண்டிருந்தவர், டர்னிலோ ரிவரிலோ ரெய்ஸ் செய்தால் அவரிடம் இரண்டு சோடியோ அதற்கு மேலோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சோடியை, அது ஏஸ் சோடியே ஆனாலும், அங்கே விட்டுவிடலாம். பழைய பாணிக்காரர் இதைச் சரியாகவே செய்கிறார்; புதுப்பிக்கும் ஆர்வத்தில் நல்லதையும் தூக்கி எறிந்துவிடக்கூடாது.

ஆனால் அவருடைய 'தெரிந்துகொள்ளும் ரெய்ஸ்' கைவிடப்பட வேண்டியது. நடுத்தரமான ஜோடியோடு ஃபிளாப்பில் ரெய்ஸ் செய்தால், நம்மைவிடச் சிறிய கைகள் விலகுகின்றன, பெரிய கைகள் தொடர்கின்றன. காசு கொடுத்து வாங்கிய செய்தி, அதைப் பயன்படுத்தும் நேரத்தில் பழையதாகிவிடுகிறது. அதே கையோடு கால் செய்தால் எதிராளியின் பலவீனமான கைகளும் பிளஃபுகளும் ஆட்டத்தில் தொடரும், நாம் இழப்பதும் குறையும்.

பிளஃப் செய்வதையே நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எதிரே ஒருவர் மட்டும் இருக்கும்போதும், அவர் இதற்கு முன் விலகிப் பார்த்திருக்கும்போதும், உங்கள் கைக்கு முன்னேறும் வாய்ப்பு இன்னும் இருக்கும்போதும் செய்யலாம். ஐந்தாவது டைமனுக்குக் காத்திருக்கும் கையோடு ஃபிளாப்பிலும் டர்னிலும் பந்தயம் கட்டுவது இதற்கு நல்ல உதாரணம். எதற்கும் விலகாத ஒருவரிடம் மூன்றாம் முறையும் பிளஃப் செய்துவிட்டு, 'அவர் அந்தக் கையோடு கால் செய்திருக்கக்கூடாது' என்று முணுமுணுப்பது மேசைகளில் அன்றாடம் கேட்கும் புலம்பல். அவர் எதற்கும் கால் செய்வார் என்பது தெரிந்திருந்தால், அதே தொகையை நல்ல கை வரும்போது இன்னும் பெரிதாக வைத்து அவரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

ஆறாம் படி: மாற்றங்களை எந்த வரிசையில் பழகுவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் மேசையில் தடுமாற்றமே மிஞ்சும். முதல் சில வாரங்கள் ஃபிளாப்புக்கு முந்திய பகுதியை மட்டும் மாற்றுங்கள்: லிம்ப் இல்லை, ஒரே அளவு ரெய்ஸ், இருக்கைக்கேற்ற கைகள். அது சிந்திக்காமலே வரத் தொடங்கியபின் ஃபிளாப் அளவுகள், அதன்பின் ரிவர் பந்தயங்கள். வீட்டில் சால்வரைப் பயன்படுத்துவதாக இருந்தால், நீங்கள் எழுதி வைத்த கையையே அதில் இட்டு, எதிராளியின் ரேஞ்சை உங்கள் மேசையில் பார்த்தபடி அகலமாகவும் அடக்கமாகவும் அமைத்துப் பாருங்கள். அது தரும் விடை பாடநூல் விடையிலிருந்து எந்தத் திசையில் நகர்கிறது என்பதே கவனிக்கவேண்டியது. எண்களின் தசமங்களை உருப்போடுவதில் பயனில்லை.

நூறு மணி நேர ஆட்டம் என்பது மூவாயிரம் கைகளைத் தாண்டாது. அந்த அளவில் கிடைக்கும் லாப நட்டத்தைச் சீட்டின் போக்கே பெரிதும் தீர்மானிக்கும். உங்கள் ஆட்டம் முன்னேறியதா என்பதை அதிலிருந்து படிக்க முயலாதீர்கள், குறிப்பேட்டிலிருந்து படியுங்கள். வீட்டுச் செலவோடு கலக்காத தனித் தொகையாக, மேசையில் வைக்கும் முழுத் தொகையைப் போல் குறைந்தது 20 மடங்கு கையில் இல்லாவிட்டால், சரியான இடத்தில் 54-ஐத் தள்ளும்போது கை நடுங்கும். அப்போது இங்கே சொன்ன எதுவும் பயன்படாது. ஆட்டம் உங்கள் வாழிடத்தின் சட்டத்துக்கு உட்பட்டதா என்பதையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இருக்கை. மேசையில் காலி இடம் வரும்போது மாறிக்கொள்ள நடத்துபவரிடம் கேட்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. அடிக்கடி ரெய்ஸ் செய்யும் ஆட்டக்காரர் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். சீட்டுகள் இடமாகச் சுற்றுவதால் அவர் முடிவெடுத்தபிறகே உங்கள் முறை வரும். விலகிப் போகும் அமைதியானவர்கள் இடப்பக்கம் இருந்தால் உங்கள் பட்டன் ரெய்ஸுகளுக்கு எதிர்ப்பு குறையும். அப்படிப்பட்ட இடம் இல்லை, மேசையில் எட்டுப் பேரும் பாட்டை எண்ணி ஆடுகிறார்கள் என்றால் வேறு மேசை கேளுங்கள்.